எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்: அருங்காட்சியகங்களில் இருக்கும் மாயா, ஆஸ்டெக் பொருட்களை ஆராய்வது எப்படி

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் பழைய மாயா நாகரிகத்துக் குவளை ஒன்றுக்குப் பக்கத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் அட்டையில் வழக்கமாக ஐந்து வரி இருக்கும். பண்பாடு, காலம், நாடு, எதனால் செய்தது, யார் கொடுத்தது. நாடு என்ற இடத்தில் "குவாத்தமாலா அல்லது மெக்சிகோ" என்று போட்டிருந்தால் அங்கேயே கொஞ்சம் நின்றுவிடுங்கள். அந்த "அல்லது" பெரும்பாலும் என்ன சொல்கிறது என்றால், அந்தக் குவளையை அகழாய்வாளர் யாரும் வெளியே எடுக்கவில்லை. எந்தக் கல்லறையில், யாருடைய உடலுக்குப் பக்கத்தில், வேறு எந்தப் பொருட்களோடு சேர்ந்து கிடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. திருட்டுத்தனமாகத் தோண்டியவர்களிடமிருந்து தரகருக்கு, தரகரிடமிருந்து கடைக்காரருக்கு, அவரிடமிருந்து பணக்காரச் சேகரிப்பாளருக்கு, கடைசியில் அருங்காட்சியகத்துக்கு என்று கைமாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் தகவல் உதிர்ந்துபோயிருக்கிறது, சில சமயம் பொய்த் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் இந்தப் பொருட்களை ஆராயும்போது இரண்டு வரலாறுகளைத் தேட வேண்டியிருக்கும். செய்தவர்கள் காலத்து வரலாறு ஒன்று, மண்ணிலிருந்து வெளியே வந்த பிறகான வரலாறு இன்னொன்று. எல்லாரும் முதலாவதில்தான் ஆசையோடு குதிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் அனுபவத்தில் இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. அது ஆட்டம் கண்டால் முதலாவதைப் பற்றி நாம் எழுதுவது எல்லாமே ஆட்டம் கண்டுவிடும்.

எங்கே தேடுவது, எதைக் கேட்பது

பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது வேலை எவ்வளவோ சுலபம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல் பதிப்புரிமை முடிந்த பொருட்களின் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020-இல் அதே மாதிரி 28 லட்சம் படங்களோடு வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஹார்வர்டின் பீபாடி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் அருங்காட்சியகம், பாரிஸின் கே பிரான்லி, பெர்லின், வியன்னா என்று எல்லாருடைய பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்துக்கு (சுருக்கமாக இனா என்பார்கள்) மீடியாதேகா என்ற தனித் தளம் உண்டு. இதைத்தான் பலர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், ஸ்பானிஷ் மொழியில் இருக்கிறது என்பதற்காக. விடாதீர்கள். மெக்சிகோவில் முறையாக அகழ்ந்தெடுத்த பொருட்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலேயேதான் இருக்கின்றன. எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரிந்த ஒரு பொருள் கையில் இருந்தால், அதை வைத்து ஊர்பேர் தெரியாத பத்துப் பொருட்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, எதைத் தேடுவது? "மாயா மட்பாண்டங்கள்" என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், இரண்டு நாளில் சலித்துப்போய் மூடிவிடுவீர்கள். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களை ஏதோ ஒரு வகையில் தொந்தரவு செய்கிற பொருளாக இருந்தால் நல்லது. இந்த முயல் ஏன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது, இந்தப் பெண் ஏன் நாக்கில் கயிறு கோத்திருக்கிறாள், மழைக்காட்டில் இந்த மரச்சிற்பம் எப்படி உளுத்துப்போகாமல் தப்பியது, இப்படி. கேள்வி சின்னதாக இருந்தால் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

எண்ணை உடைத்துப் படியுங்கள்

கடைசியாகச் சொன்ன மரச்சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், முறுக்கிவிட்ட மீசை, மார்புக்கு முன்னால் மடக்கிய கைகள். அரசர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கும் ஊழியன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இதன் எண் 1979.206.1063.

இந்த எண்ணைச் சேர்க்கை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி, பொருள் அருங்காட்சியகத்தின் சொத்தாகப் பதிவான வருடம். நடுப்பகுதி, அந்த வருடத்தில் வந்த எத்தனையாவது வரவு என்பது. கடைசிப் பகுதி, அந்த வரவுக்குள் எத்தனையாவது பொருள் என்பது. அப்படியானால் 1979-இல் ஒரே வரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்திருக்கின்றன. யார் கொடுத்தது? கொடையாளர் வரியைப் பாருங்கள்: நெல்சன் ராக்பெல்லரின் உயில்வழிக் கொடை, மைக்கேல் ராக்பெல்லர் நினைவுச் சேகரிப்பு. பெரும் செல்வந்தரான நெல்சன் ராக்பெல்லர் நியூயார்க்கில் இந்த மாதிரிப் பொருட்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் வைத்திருந்தார், அது 1957-இல் திறந்து 1976-இல் மூடப்பட்டது. ஆகவே 1979-க்கு முந்தைய எந்தப் புத்தகத்திலும் கண்காட்சிப் பட்டியலிலும் இந்தச் சிற்பம் இந்த எண்ணோடு இருக்காது. அந்தப் பழைய அருங்காட்சியகத்தின் பெயரில், வேறொரு எண்ணில் இருக்கும். இது தெரியாமல் புது எண்ணை மட்டும் போட்டுத் தேடிவிட்டு "யாரும் எழுதவில்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். வரவு எண் பொதுவாக இருக்கிற மற்ற பொருட்களையும் ஒருமுறை புரட்டுங்கள். ஒரே சேகரிப்பாளர், ஒரே கடைக்காரர், ஒரே பயணம் என்று ஒரு வடிவம் தெரியவரும். ஒரே வரவில் வந்த நாலு குவளைகள் ஒரே பாணியில், ஒரே மாதிரி விளிம்போடு இருந்தால் ஒரே கல்லறையிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட இடமுண்டு. சந்தேகம்தான், முடிவு அல்ல. குறிப்பில் அப்படியே "சந்தேகம்" என்று எழுதி வையுங்கள்.

எண்ணில் இருக்கும் வருடத்தைப் பொருள் அந்த நாட்டை விட்டு வெளியேறிய வருடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு நல்ல உதாரணம் அடுத்து வருகிறது.

யாஷ்சிலானின் மூன்று கற்கள்

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், குவாத்தமாலா எல்லையை ஒட்டி ஓடும் உசுமசிந்தா ஆற்றின் வளைவில் யாஷ்சிலான் என்ற மாயா நகரம் இருக்கிறது. அங்கே கட்டடம் 23 என்று எண் கொடுத்திருக்கும் கட்டடத்துக்கு மூன்று வாசல். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் செதுக்கிய ஒரு கல், கட்டட வேலைக்காரர்கள் லிண்டல் என்று சொல்லும் இடத்தில். வாசலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால்தான் சிற்பம் தெரியும். 24-ஆம் எண் லிண்டலில் அரசி கபால் ஷோக் மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கில் துளையிட்டு இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவன், அரசன் இட்சம்னாஜ் பாலாம், மேலே ஒரு பெரிய தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் உடையின் நெசவுப் பூவேலை ஒவ்வொன்றையும் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். கன்னத்தில் சுழல் சுழலாகச் செதுக்கியிருப்பது இரத்தம். கயிறு முன்னால் இருக்கும் கூடைக்குள் விழுகிறது, கூடையில் இரத்தம் பட்ட காகிதத் துண்டுகள். கல்லில் பொறித்த தேதி நம் கணக்கில் கி.பி. 709.

25-ஆம் லிண்டலில் அதே அரசி, கிண்ணத்திலிருந்து எழும் மாபெரும் பாம்பின் வாயிலிருந்து ஒரு முன்னோர் வெளிப்படுவதை நிமிர்ந்து பார்க்கிறாள். இந்த இரண்டு கல்லும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 26-ஆவது மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே அரசி, ஒரே வரிசையாகப் படிக்க வேண்டிய மூன்று காட்சிகள், இரண்டு கண்டங்களில். லண்டன் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் கதையில் மூன்றில் ஒரு பங்கு விட்டுப்போகும். எந்தக் கட்டடப் பகுதியை ஆராய்ந்தாலும் "இதன் மற்ற துண்டுகள் எங்கே" என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இப்போது எண்ணுக்கு வருவோம். லண்டனில் இந்தக் கற்களின் எண்ணில் 1923 என்ற வருடமும் மாட்ஸ்லே என்ற பெயரின் சுருக்கமும் இருக்கும். ஆனால் ஆங்கிலேய ஆய்வாளர் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே யாஷ்சிலானுக்குப் போனது 1882-இல். கற்கள் இங்கிலாந்துக்கு வந்தது 1880-களில், முதலில் வேறொரு அருங்காட்சியகத்தில் இருந்து அப்புறம்தான் இங்கே மாறின. எண்ணுக்கும் பயணத்துக்கும் நடுவே நாற்பது வருட இடைவெளி.

மாட்ஸ்லேயின் எழுத்துகளில் "யாஷ்சிலான்" என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவர் அந்த இடத்தை மென்சே என்று எழுதினார். அதே வருடம் அதே இடத்தில் அவரைச் சந்தித்த பிரெஞ்சுக்காரர் தெசிரே ஷார்னே, தன் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயரில் லொரியார் நகரம் என்று எழுதினார். ஒரே ஊருக்கு மூன்று பெயர். இது எல்லா இடத்திலும் நடக்கும். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் பழைய பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொள்வது முதல் வாரத்து வேலை.

பண்பாட்டுப் பெயர்களிலும் இதே தொல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கு மெக்சிகோவின் கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் பகுதிகளின் சுடுமண் உருவங்களுக்கு "தராஸ்கன்" என்று அட்டை போட்டார்கள். தராஸ்கன் அரசு பல நூற்றாண்டு பிந்தியது, இந்த உருவங்களோ ஏறக்குறைய கி.மு. 300 முதல் கி.பி. 300 வரையிலான குழிக் கல்லறைகளைச் சேர்ந்தவை. மத்திய மெக்சிகோவின் பழைய நகரமான தியோதிவாகானின் பொருட்களைப் பழைய பட்டியல்களில், பிந்திய பண்பாடான "தோல்தெக்" என்ற தலைப்பில் பார்க்கலாம். ஓல்மெக் என்ற பண்பாடே தனியாக அடையாளம் காணப்படுவதற்கு முன்பு எடுத்த பச்சைக்கல் கோடரிகள் எதெதிலோ ஒளிந்திருக்கும். இதன் உச்சம் வியன்னாவில் இருக்கும் பச்சை இறகுக் கிரீடம். ஆஸ்டெக் காலத்து இறகு வேலைப்பாட்டில் இவ்வளவு பெரிதாக மிஞ்சியது வேறு இல்லை. அதை 1596-ஆம் வருடத்துப் பட்டியலில் "மூரியத் தொப்பி" என்று எழுதி வைத்திருந்தார்கள். "ஆஸ்டெக்" என்று தேடுகிற யாருக்கும் அந்த வரி கிடைக்காது.

மாயாச் சொற்களின் எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். லத்தீன் எழுத்தில் எக்ஸ் வந்தால் அது "ஷ்" ஒலி. பெயர்களுக்கு நடுவில் வரும் மேற்கோள் மாதிரியான குறி தொண்டையில் அடைத்துச் சொல்லும் ஒலிக்கானது. பழைய நூல்களில் அது இருக்காது, புதியவற்றில் இருக்கும். குறி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை தேடுங்கள்.

தேதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மாயா நெடுங்கணக்கை (நாட்களைத் தொடர்ந்து எண்ணும் அவர்கள் நாட்காட்டியை) நம் நாட்காட்டிக்கு மாற்ற ஒருகாலத்தில் இரண்டு முறைகள் போட்டியிட்டன. இன்று தோற்றுப்போன ஸ்பிண்டன் முறை, இன்று ஏற்றுக்கொண்ட முறையைவிட ஏறக்குறைய 260 வருடம் முந்திக் காட்டும். அந்தக் கணக்கில் நம் 24-ஆம் லிண்டல் 449-க்குப் போய்விடும். 1920-கள், 30-களின் நூல்களைப் படிக்கும்போது ஒரு தேதி விசித்திரமாக முந்தியிருந்தால் 260-ஐக் கூட்டிப் பாருங்கள்.

வார்ப்புகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். மாட்ஸ்லே நூற்றுக்கணக்கில் பிளாஸ்டர் வார்ப்பு எடுத்தார். அதற்குப் பிறகு நூறு வருட மழையில் மூலக்கல் தேய்ந்துபோன இடங்களில், எழுத்து வார்ப்பில் மட்டும் தெளிவாக நிற்கிறது. யாஷ்சிலானிலிருந்து பெர்லினுக்குப் போன ஒரு லிண்டல் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அழிந்தேபோனது, இன்று அதைப் படிக்க லண்டனில் இருக்கும் வார்ப்புதான் இருக்கிறது. பட்டியலில் "வார்ப்பு" என்று கண்டதும் நகல்தானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு குவளையைச் சுற்றி நடப்பது

வட்டமான குவளையை ஒரு படத்தில் முழுதாகப் பார்க்க முடியாது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஜஸ்டின் கெர் என்ற புகைப்படக்காரர். 1970-களில், குவளை மெதுவாகச் சுழல, கேமராவுக்குள் பிலிமும் அதே வேகத்தில் நகர, ஒரு மெல்லிய பிளவு வழியாகக் காட்சி முழுவதும் நீளவாக்கில் பதியும்படி ஒரு கேமராவை உருவாக்கினார். பாயைச் சுருட்டி வைத்ததை விரித்துப் போட்ட மாதிரி குவளையின் ஓவியம் முழுவதும் ஒரே பட்டையில் கிடைக்கும். ஒவ்வொரு குவளைக்கும் அவர் கொடுத்த "கே" எண்தான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் பேசும் மொழி. அவருடைய படத்தொகுப்பு இப்போது வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது.

கே 511-ஐத் தேடி எடுத்துப் பாருங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் குவளை அது, சுமார் 21.5 செ.மீ. உயரம், 7-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 8-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. அரண்மனை மேடையில் பல்லில்லாத கிழட்டுப் பாதாளக் கடவுள், ஆய்வாளர்கள் "எல் கடவுள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஐந்து பெண்கள். ஒருத்தி உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்துக்குள் பானத்தை ஊற்றுகிறாள், சாக்லேட் நுரைவர அப்படித்தான் ஊற்றுவார்கள். மேடைக்குக் கீழே ஒரு முயல், ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை) தோல் அட்டை போட்ட புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் முகமூடி போட்ட இருவர் கட்டிப்போட்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். இதையெல்லாம் இணைக்கும் ஒரு சின்னச் சைகை இருக்கிறது. ஒரு பெண் இன்னொருத்தியின் பாதத்தைத் தட்டி, அங்கே பார் என்று வெட்டும் காட்சியின் பக்கம் கவனத்தைத் திருப்புகிறாள். முன்பக்கத்தை மட்டும் காட்டும் படத்தில் இந்தச் சைகைக்கு அர்த்தமே இருக்காது. விரித்த படத்தில்தான் அவள் எதைக் காட்டுகிறாள் என்று புரியும்.

விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகளை அலங்காரம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1973-இல் மாயா ஆய்வாளர் மைக்கேல் கோ, பல குவளைகளில் அதே எழுத்துகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துச் சொன்னார். பிறகு படிப்படியாக அதைப் படித்தபோது, இது இன்ன வகைப் பாத்திரம், இன்ன பானத்துக்கு, இன்னாருடையது என்று சொல்லும் உரிமைக் குறிப்பு என்று தெரிந்தது. கே 511-இல் பானம் சாக்லேட், உரிமையாளர் முவான் குக் என்ற பிரபு. இந்த வாசிப்பை வேதியியலும் உறுதிப்படுத்தியிருக்கிறது: குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் முறையாக அகழ்ந்தெடுத்த, திருகு மூடி போட்ட பானையில் கக்காவ் (கொக்கோ) என்ற எழுத்து இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த படிவை ஆய்வகத்தில் சோதித்தபோது கொக்கோவுக்கே உரிய தியோபுரோமின் கிடைத்தது. அந்தப் பானையின் இடம் தெரிந்திருந்ததால்தான் யாரும் சந்தேகப்படாமல் ஏற்க முடிந்தது.

பிரின்ஸ்டன் குவளைக்கு அந்த மாதிரி இடம் தெரியாது. ஆனாலும் அருங்காட்சியகம் குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டிலிருக்கும் நக்பே பகுதி என்று போட்டிருக்கிறது. எப்படி? இந்தப் பாணிக் குவளைகளின் உடைந்த ஓடுகள் நக்பேயில் முறையான அகழாய்வில் கிடைத்தன. களிமண்ணில் துளி எடுத்து நியூட்ரான் முறையில் தனிமங்களை அளந்தபோது, இடம் தெரியாத குவளைகள் பலவும் அந்த ஓடுகளும் ஒரே களிமண் குழுவில் விழுந்தன. அட்டையில் ஊர் பெயரைப் பார்த்தால் "இதை எதை வைத்துச் சொல்கிறார்கள்" என்று கேளுங்கள். அகழாய்வா, களிமண்ணா, பாணியா, விற்றவர் வாய்ச்சொல்லா? நான்குக்கும் எடை வேறு. விற்றவர் வாய்ச்சொல்லுக்கு ஓல்மெக் குழந்தைப் பொம்மைகள் நல்ல உதாரணம். மெக்சிகோவின் புயேப்லா மாநிலத்து லாஸ் போகாஸ் என்ற சிற்றூர்ப் பெயர் சந்தையில் பிரபலமானதும், எங்கெங்கோ கிடைத்தவற்றுக்கும் கடைக்காரர்கள் அதே பெயரை ஒட்டினார்கள்.

கற்களுக்கும் இதே கேள்விதான். மெசோஅமெரிக்காவில் (மெக்சிகோவும் அதற்குத் தெற்கே மாயா நாடுகளும் சேர்ந்த பகுதி) ஜேடைட் என்ற பச்சைக்கல்லுக்குத் தெரிந்த ஒரே பெரிய மூலம் குவாத்தமாலாவின் மொதாகுவா பள்ளத்தாக்கு. அட்டையில் "பச்சைக்கல்" என்று மட்டும் இருந்தால் பரிசோதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி இன்னும் வசதி, ஒவ்வொரு எரிமலைக்கும் தனிக் கைரேகை மாதிரி தனிமக் கலவை உண்டு. தங்கப் பச்சை நிறத்தில் மின்னினால் மத்திய மெக்சிகோவின் பச்சூகா என்று கண்ணாலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

போலியும் பூச்சும்

1974-இல் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் பழம்பொருள் திருடியதாகச் சிலரைப் பிடித்தார்கள். அதில் பிரிகிதோ லாரா என்ற குயவர், இவை எதுவும் பழம்பொருள் இல்லை, நான் செய்தவை என்றார். நிபுணர்களோ பழையவை என்று சான்று கொடுத்துவிட்டார்கள். அவர் சிறைக்குள் களிமண் கேட்டு வாங்கி, அதே மாதிரி செய்து காட்டித்தான் வெளியே வந்தார். பின்னாளில் அந்த மாநிலத் தலைநகரான ஷலாபாவின் அருங்காட்சியகத்திலேயே வேலை பார்த்தார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் சிலவற்றையும் தன்னுடையவை என்று அடையாளம் காட்டினார். எனக்கு இதில் கலக்கம் தருவது என்னவென்றால், வெராக்ரூஸ் பாணி இப்படித்தான் இருக்கும் என்று புத்தகங்கள் எழுதியதில் அவர் கைவேலையும் கலந்திருக்கக்கூடும் என்பதுதான். பாணியை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்யாதீர்கள்.

படிக மண்டையோடுகள் இன்னொரு பாடம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897-இல் ஒன்றை வாங்கி, பல காலம் ஆஸ்டெக் என்று வைத்திருந்தது. காகிதத்தைப் பின்தொடர்ந்தபோது அது எஜேன் போபான் என்ற பிரெஞ்சு வியாபாரியிடம் போய் நின்றது. எந்த அகழாய்வுக்கும் போகவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது பற்களின் கோடுகளில் சுழல் சக்கரம் ஓடிய தடம் தெரிந்தது, ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு அங்கே கல் அறுக்க அப்படி ஒரு கருவி கிடையாது. ஸ்மித்சோனியனுக்கு 1992-இல் பெயரில்லாத தபாலில் வந்த மண்டையோட்டில் சிலிக்கான் கார்பைடு துகள் கிடைத்தது, அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தயாரிப்புக்கு வந்த பொருள். ஆய்வகத்துக்கு முன்பே காகிதம் உண்மையைக் காட்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

முழுப் போலியைவிட அதிகமாக எதிர்ப்படுவது பாதிப் போலி. குவளை உண்மையானது, ஆனால் ஓவியம் உதிர்ந்த இடங்களை விற்பதற்கு முன்பு யாரோ அழகாகப் பூசி நிரப்பியிருப்பார்கள். முகம் ரொம்பத் தெளிவாக இருந்து, பக்கத்து எழுத்து மட்டும் படிக்க முடியாத கிறுக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா வெளிச்சத்தில் புதுப் பூச்சு தனியாக ஒளிரும். பொருட்களைப் பழுதுபார்த்துப் பேணும் பிரிவிடம் அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்கலாம், பல இடங்களில் கொடுப்பார்கள்.

1970 என்ற கோடு

உடைமை வரலாற்றைப் படிக்கும்போது 1970-ஐ மனதில் வையுங்கள். பண்பாட்டுச் சொத்தின் கள்ளக்கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த வருடம் வந்தது. மெக்சிகோ 1972-இல் தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து என்று சட்டத்தை இறுக்கியது. அதே 1972-இல் அமெரிக்கா, கொலம்பஸுக்கு முந்தைய பெரிய கற்சிற்பங்களையும் சுவரோவியங்களையும் சொந்த நாட்டின் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அமெரிக்காவின் அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2008-இல் இந்த 1970-ஐத்தான் எல்லைக்கோடாக ஏற்றது. வரலாறு "1974, நியூயார்க் வியாபாரி" என்று திடீரென்று ஆரம்பித்தால், அதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடம்தான் உங்கள் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு, அதை மழுப்பாமல் எழுதுங்கள். 1970-க்கு முந்தையதெல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம், மெக்சிகோ 1827-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது.

நல்லபடி முடிந்தவையும் உண்டு. தியோதிவாகானில் திருட்டுத்தனமாகப் பெயர்த்த சுவரோவியத் துண்டுகள் 1976-இல் ஒருவரின் உயில் வழியாக சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் மெக்சிகோவோடு பேசி, இரு நாட்டு நிபுணர்களும் சேர்ந்து பழுது பார்த்து, 1986-இல் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். மச்சாக்கிலா என்ற குவாத்தமாலா நகரத்தின் ஒரு கல்தூண் துண்டு துண்டாக அறுபட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது மாட்டிக்கொண்டதற்குக் காரணம், மாயா ஆய்வாளர் இயன் கிரஹாம் அது காட்டில் நின்றபோதே பதிவு செய்து வைத்திருந்தது. பழைய களப் படங்களுக்கு இருக்கும் பலம் அது. பீபாடியில் இருக்கும் கார்னகி நிறுவனத்தின் மாயாப் படத்தொகுப்பையும், பென் அருங்காட்சியகத்தில் இருக்கும் பியெத்ராஸ் நெக்ராஸ், திக்கால் என்ற மாயா நகரங்களின் அகழாய்வுப் பதிவுகளையும் இதற்காகத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கடிதம் எழுதுவதும் நேரில் போவதும்

இணையப் பட்டியலில் இருப்பது கோப்பில் இருப்பதில் ஒரு பகுதிதான். மீதி பழைய அட்டைகள், வரவுப் பேரேடு, கொடையாளர் கடிதங்கள், பழுதுபார்ப்பு அறிக்கைகள். அதைக் கேட்டு எழுத வேண்டும். நான் எழுதிய முதல் கடிதம் ஒரு பக்க நீளம். மாயா நாகரிகத்தின் மீது எனக்கு இருக்கும் ஆசையைப் பற்றியே பாதிக் கடிதம் போய்விட்டது, பதிலே வரவில்லை. இரண்டாவது தடவை நாலு வரி: சேர்க்கை எண், நான் ஏற்கெனவே பார்த்த ஆதாரங்கள், எனக்கு வேண்டிய ஒரே தகவல் (1965-க்கு முந்தைய உரிமையாளர் பெயர் கோப்பில் இருக்கிறதா), எதற்காகக் கேட்கிறேன். ஒன்பதாம் நாள் பழைய அட்டையின் ஸ்கேன் வந்து சேர்ந்தது. அட்டையின் பின்பக்கத்தையும் கேளுங்கள். பென்சிலில் கிறுக்கியிருக்கும் பழைய எண்களும் அடித்துத் திருத்திய ஊர் பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

நேரில் பார்க்க அனுமதி கிடைத்தால், பல வாரம் முன்பே தேதி வாங்க வேண்டும். கிடங்குக்குள் பேனாவுக்கு அனுமதி இருக்காது, பென்சில்தான். மோதிரம், நீளச் சங்கிலி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்றிவிடுங்கள். எதைத் தொடலாம், எந்தக் கையுறை என்பதை அவர்கள் சொல்வார்கள், சொல்லாமல் தொடாதீர்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், அடிப்பகுதியையும் உள்விளிம்பையும் கட்டாயம் எடுங்கள், பழைய எண்களும் கடைக்காரர் ஒட்டிய சீட்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத செதுக்குக் கோடுகள் எழும்பி வரும், ஆனால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மனித எலும்புகளோ அவற்றால் செய்த பொருட்களோ இருந்தால் படம் எடுக்கவும் வெளியிடவும் தனி விதி இருக்கும், அதை மதியுங்கள். மாயா மொழிகளைப் பேசுகிற லட்சக்கணக்கான மக்கள் இன்றும் அந்த மண்ணில்தான் வாழ்கிறார்கள், இந்த எலும்புகள் அவர்களுடைய முன்னோருடையவை.

குறிப்பேட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த வருடம் சொன்னது என்று எழுதுங்கள். "பெத்தேன், பாணி வைத்து, 1985 பட்டியல்" என்று இருந்தால் பின்னால் யாராவது மாற்றிச் சொல்லும்போது உங்கள் கட்டுமானத்தில் எந்தச் செங்கல்லை உருவ வேண்டும் என்று தெரியும். இணையப் பக்கத்தைப் பார்த்த தேதியோடு சேமித்து வையுங்கள், பதிவுகள் சத்தமில்லாமல் மாறும்.

அப்புறம், நீங்கள் கண்டுபிடித்ததை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய பட்டியலில் இதே குவளை வேறு எண்ணில் இருக்கிறது, 1930-களின் படம் ஒன்றில் இந்தக் கல் உடையாமல் நிற்கிறது, இந்த மாதிரி எதுவானாலும் சேர்க்கை எண்ணோடும் பக்க எண்ணோடும் இரண்டு வரியில் எழுதினால் போதும். பதிவாளர்கள் அதைக் கோப்பில் சேர்ப்பார்கள், அடுத்து அதே பொருளைத் தேடி வருபவர் உங்கள் இரண்டு வரியிலிருந்து ஆரம்பிப்பார்.